10 ரூபாக் குத்தி உள்ளங்கையிலை நிக்குதில்லை – கிட்ட இருந்து பாக்கிறவைக்கு மஜிக் காட்ட எதிலை தொடங்கிறது?

கொக்குவில்பெடியன்:

வணக்கம். வாற மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டிலை பத்து நிமிசம் மஜிக் காட்டவேணும். மேடை இல்லை. விறாந்தையிலை பாய் போட்டுப் பிள்ளையள் இருப்பினம், பெரியாக்கள் பின்னாலை கதிரையிலை, கொஞ்சப் பேர் நிண்டுகொண்டு. எல்லாமா இருபது பேர் வரும். கையுக்குள்ளை அடங்கிற சாமான்தான் பாவிக்கப் போறன்.

எங்கடை இலங்கை 10 ரூபாக் குத்தியை கிளாசிக் பாமிலை (உள்ளங்கைச் சதையாலை ஒளிச்சுப் பிடிக்கிறது) வைச்சிட்டுக் கையைக் கீழை திருப்பினால் வழுக்கி விழுது. இறுக்கிப் பிடிச்சால் பெருவிரல் விறைச்சு வெளியாலை நிக்குது. பிரெஞ்ச் ட்றொப் (குத்தியை மற்றக் கையாலை எடுக்கிற மாதிரிக் காட்டி எடுக்காமல் விடுறது) கண்ணாடிக்கு முன்னாலை நல்லா இருக்கு, ஆனா ஆக்களுக்குக் காட்டினால் "மற்றக் கையை விரியுங்கோ" எண்டு உடனை கேக்கினம். தம்ப் ரிப் (துணி ஒளிக்கப் பெருவிரலிலை மாட்டுற போலி நுனி) ஒண்டு வெளிநாட்டிலை இருந்து வந்தது, ரோஸ் நிறம், என்ர கையோடை சேருதில்லை. ஸ்பொஞ்ச் பந்து இஞ்ச ஒரு கடையிலையும் காணேல்லை, வீட்டிலை செய்யலாமோ?

எதை முதல் காட்டுறது, எதை விடுறது எண்டும் சொல்லுங்கோ.

விரல்நுனி:

தம்பி, பிழை கையிலை இல்லை, குத்தியிலை. 10 ரூபாக் குத்தி 26.4 மி.மீ., 11 பக்கம். கிளாசிக் பாமிலை குத்தியின்ர முகத்தை ஒண்டும் பிடிக்கிறேல்லை, விளிம்புதான் பிடிபடுது. ஒரு பக்கம் பெருவிரலின்ர அடிச்சதை, எதிர்ப்பக்கம் சின்னவிரலுக்குக் கீழை இருக்கிற சதைமேடு. 11 ஒற்றை எண், அதாலை ஒரு மூலைக்கு நேரெதிரை எப்பவும் தட்டைப் பக்கம்தான் வரும். மூலை பட்ட சதை குத்தியைப் பிடிக்கும், தட்டைப் பக்கம் பட்ட சதை நழுவ விடும். அதோடை அளவும் சின்னன். இந்தப் பிடியைச் சொல்லிக்குடுக்கிற ஆக்கள் கனபேர் அமெரிக்க அரை டொலரை மனசிலை வைச்சுத்தான் சொல்லுவினம். அது 30.6 மி.மீ. அந்த நாலு மி.மீ. வித்தியாசத்தை நீங்கள் சதையை இறுக்கி நிரப்பப் பாக்கிறியள், அதுதான் பெருவிரல் விறைக்குது.

வட்டமான பெரிய குத்தி தேடுங்கோ. முந்திப் புழங்கின பெரிய 2 ரூபா 28.5 மி.மீ. (இப்ப வாற சின்னன் வேண்டாம்). அநேகமா வீடுகளிலை லாச்சிக்குள்ளை கிடக்கும். லண்டனிலை இருந்து ஆக்கள் வந்தால் 2 பவுண் குத்தி கேளுங்கோ, 28.4 மி.மீ., 12 கிராம், விளிம்பிலை வரி இருக்கு, பாரமும் நல்லாத் தெரியும். கனடாக்காரரின்ர 2 டொலரும் 28 மி.மீ. தான். ஒரே மாதிரி நாலு வைச்சிருந்தால் காணும்.

இனிப் பிடி. குத்தியை நடுவிரல், மோதிரவிரல் நுனியிலை வைச்சு, அந்த ரெண்டு விரலையும் மடிச்சு உள்ளங்கைக்குள்ளை அமத்துங்கோ. நேர் நடுவிலை இல்லை, பெருவிரல் அடிப்பக்கமா ஒரு நூல் தள்ளி. பெருவிரலை உள்ளுக்கு வளைக்காதேங்கோ, அடிச்சதை மட்டும் கொஞ்சம் அசைஞ்சால் காணும். சரியா இருக்கோ எண்டு பாக்கிற வழி: குத்தி உள்ளுக்கு இருக்கத்தக்கதா அதே கையாலை விரலைச் சொடக்குப் போடுங்கோ, பேனையை எடுத்து எழுதுங்கோ, போத்தல் மூடியைத் திறவுங்கோ. சொடக்குப் போட ஏலாமல் இருந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறியள் எண்டு அர்த்தம்.

ஆனா இது ஒரு மாதத்திலை வாற சாமான் இல்லை. பிறந்தநாளுக்கு பிங்கர் பாம் (விரல் மடிப்புக்குள்ளை ஒளிச்சுப் பிடிக்கிறது) மட்டும் பாவியுங்கோ. குத்தி நடுவிரலிலும் மோதிரவிரலிலும் குறுக்காக் கிடக்கவேணும், விரலடி மடிப்புக்கும் நடு மடிப்புக்கும் இடையிலை. கையைத் தொடைப் பக்கமாத் தொங்கவிட்டுப் பாருங்கோ, விரல் தன்பாட்டிலை எவ்வளவு வளைஞ்சு நிக்குதோ அவ்வளவு வளைவு காணும். உங்கடை 10 ரூபாக் குத்தியே இதிலை வடிவா நிக்கும்.

இன்னொண்டு. பற்றிஸ், றோல்ஸ், கேக் ஐசிங் தொட்ட கையோடை குத்தியைத் தொடாதேங்கோ. குத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி லேஞ்சியாலை துடைச்சிட்டுத் தொடங்குங்கோ. பவுடர் போடவே வேண்டாம். காய்ஞ்ச தோலிலை குத்தி நிக்காது, கொஞ்ச ஈரம் இருந்தால்தான் பிடிக்கும். வேர்வை வடிஞ்சாலும் வழுக்கும், அதுக்குத்தான் லேஞ்சி சேட் பொக்கற்றிலை இருக்கவேணும்.

பஞ்சுப்பந்து:

குத்தி பெரியாக்களுக்கு. பாயிலை இருக்கிற பிள்ளையளுக்குக் குத்தி மறைஞ்சால் "எங்கை போச்சு?" எண்ட கேள்வியோடை முடிஞ்சிடும். ஸ்பொஞ்ச் பந்து அவையின்ர கையுக்குள்ளையே ஒண்டு ரெண்டாகும். அதுக்குப் பிறகு உங்கடை கையை ஆரும் சந்தேகப்படினமோ எண்ட பேச்சே இல்லை. நான் எண்டால் பத்து நிமிசத்திலை ஐஞ்சு நிமிசத்தை இதுக்குத்தான் குடுப்பன்.

வீட்டிலை வடிவாச் செய்யலாம். குசன் தைக்கிற கடையளிலை வெட்டிக் கழிச்ச ஃபோம் துண்டு கேளுங்கோ. ரெண்டு அங்குலத் துண்டை முஷ்டிக்குள்ளை பொத்திப் பாருங்கோ: கால்வாசிக்குச் சுருங்கவேணும், விட்டவுடனை முழுசா நிமிரவேணும், நெரிக்கேக்கை சத்தம் வரக்கூடாது. கதிரையின்ர அடியிலை போடுற இறுக்கமான ஃபோம் சரிவராது, முஷ்டி புடைச்சுக் காட்டிக் குடுத்திடும். பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்சும் வேண்டாம்.

அளவு ஒண்டரை அங்குலம், அதாவது 4 செ.மீ. கிட்ட. ரெண்டு அங்குலப் பந்து ஏழு வயசுப் பிள்ளையின்ர பொத்தின கையிலை ரெண்டு அடங்காது, விரல் இடுக்காலை எட்டிப் பாக்கும். 4.5 செ.மீ. சதுரக்கட்டியா வெட்டி, முதல் எட்டு மூலையையும் சீவுங்கோ, பிறகு பன்ரெண்டு விளிம்பையும். அதுக்குப் பிறகு பந்தை உருட்டி உருட்டி நுனிக் கத்தரிக்கோலாலை கொஞ்சம் கொஞ்சமா. கத்தரிக்கோல் மொட்டையெண்டால் ஃபோம் கிழிஞ்சு பள்ளம் விழும். ஒரே தகட்டிலை இருந்து ஐஞ்சு பந்து ஒரேயடியா வெட்டுங்கோ. வேறை வேறை துண்டிலை வெட்டினால் நிறமும் மெதுமையும் மாறும், ரெண்டும் ஒண்டு எண்டு காட்டுற வித்தைக்கு அது உதவாது. சிவப்பு ஃபோம் கிடைச்சால் எடுங்கோ. வெள்ளையை வாங்கிச் சாயம் போட்டால் வேர்வையிலை சாயம் கையிலை ஒட்டும், பிள்ளையின்ர பிறந்தநாள் உடுப்பிலையும் ஒட்டும்.

செய்யிற முறை. மேசையிலை ரெண்டு பந்து தெரியும், மூண்டாவது உங்கடை வலக்கை பிங்கர் பாமிலை ஒளிஞ்சிருக்கும். முதல் பந்தை வலக்கையாலை எடுத்து, ஒளிச்ச பந்தோடை சேர்த்து அமத்தி ஒண்டு போலக் காட்டி, பிள்ளையின்ர விரிச்ச கையிலை வையுங்கோ. வைக்கிற அதே நேரம் உங்கடை இடக்கையாலை பிள்ளையின்ர விரலை மூடிவிடுங்கோ. இந்த இடம்தான் உயிர். உங்கடை விரல் பந்தை விடுறதுக்கு முன்னமே பிள்ளையின்ர விரல் மூடவேணும், இல்லாட்டி ஃபோம் நிமிர்ந்து ரெண்டு எண்டு தெரிஞ்சிடும். "இறுக்கிப் பிடி, கையைக் கவிட்டு வை" எண்டு சொல்லுங்கோ. கவிட்டுப் பிடிச்சால் பிள்ளைக்குத் திறந்து பாக்கிற எண்ணம் குறையும். மற்றப் பந்தை எடுத்து இடக்கைக்குள்ளை வைக்கிற மாதிரி வைச்சு வலக்கை பிங்கர் பாமிலேயே நிப்பாட்டுங்கோ. இடக்கை முஷ்டியை நெரிச்சு, ஆறுதலாத் திறவுங்கோ. ஒண்டுமில்லை. பிறகு பிள்ளையைத் திறக்கச் சொல்லுங்கோ.

உதவிக்குக் கூப்பிடுறது ஏழு வயசுக்கு மேலை ஆராவது. சின்னனுகள் பொறுக்காதுகள், சொல்ல முதல் திறந்திடுங்கள். பெரியம்மா, மாமி ஆரையும் கூப்பிட்டாலும் நல்லா எடுபடும்.

பந்தை நெரிச்சு டப்பாவுக்குள்ளை அடைச்சு வைச்சால் தட்டையாப் போயிடும். வெயில் பட்டால் மஞ்சளாகி உதிரும். அழுக்கானால் சவர்க்காரத் தண்ணியிலை பிழிஞ்சு, துவாயிலை சுத்தி அமத்தி, நிழலிலை காயவிடுங்கோ.

கொக்குவில்பெடியன்:

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் நன்றி. பெரிய 2 ரூபா வீட்டிலையே மூண்டு இருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி: எல்லாரும் போனிலை வீடியோ எடுப்பினம், அதுக்கு என்ன செய்யிறது? மேசை வைச்சு இருந்து காட்டுறதோ, நிண்டு காட்டுறதோ நல்லம்?

மேசைவித்தை:

"மற்றக் கையை விரியுங்கோ" என்று கேட்பது பார்வையாளரின் குறும்பு அல்ல. உங்கள் கைதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. பிரெஞ்ச் ட்றொப்பில் இடக்கை குத்தியைப் பெருவிரலாலும் விரல் நுனிகளாலும் கிடையாகப் பிடித்திருக்கும். வலக்கைப் பெருவிரல் குத்திக்குக் கீழே நுழையும், மற்ற விரல்கள் முன்னால் மறைக்கும். அந்த மறைவில் இடக்கைப் பெருவிரல் தளர, குத்தி இடக்கை விரல்களில் விழும். வலக்கை வெறுமையாக மூடி விலகும். இதுவரைக்கும் எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். அதன் பிறகு இடக்கை அந்தரத்தில் அப்படியே உறைந்து நிற்கும். கண் இடக்கைக்கும் வலக்கைக்கும் மாறி மாறி ஓடும். ஒரு நொடியில் வலக்கையைத் திறந்து "இல்லை" என்பார்கள். குத்தி இரண்டு கைகளில் ஒன்றில்தான் இருக்கலாம், ஒன்றில் இல்லையென்று நீங்களே காட்டிவிட்டீர்கள். பிறகு எதைக் கேட்பார்கள்?

முதலில் குத்தியை உண்மையாகவே வலக்கையால் எடுத்துப் பழகுங்கள். எடுத்த முஷ்டி எவ்வளவு இறுக்கம், மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, குத்தியை இழந்த இடக்கை எப்படித் தளர்ந்து கீழே போகிறது என்பதைக் கண்ணாடியில் பாருங்கள். பொய்யான எடுப்பு அதன் நகலாக இருக்க வேண்டும். கனடாவில் பிறந்த மஜிக் கலைஞர் டாய் வெர்னன் (1894–1992) வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இந்த இயல்பைத்தான். உண்மையான எடுப்பில் உங்கள் கண் வலக்கையோடுதான் போகும், பொய்யிலும் அங்கேயே போகட்டும். இடக்கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், குத்தி விழும்போது "டிக்" என்று கேட்கும்.

பிறகு இடைவெளி. வலக்கையைத் திறக்க முன், இடக்கையால் சேட் பொக்கற்றில் இருந்து ஒரு பேனையை எடுங்கள். குத்தியை அங்கேயே விட்டுவிட்டுப் பேனையோடு கை வெளியே வரும். பேனையால் முஷ்டியைத் தட்டி, சின்னவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறவுங்கள். இப்போது "மற்றக் கை" என்று கேட்டால் தாராளமாகக் காட்டலாம். கேட்கும் வரை காட்டாதீர்கள். பொக்கற்றுக்குள் சில்லறையோ திறப்போ இருக்கக்கூடாது, குத்தி அதில் மோதிச் சத்தம் வரும்.

இருப்பிடம் பற்றி. பாயில் இருக்கும் பிள்ளைகள் கீழிருந்து பார்க்கிறார்கள். நீங்கள் நின்றால் உங்கள் கை அவர்களின் கண்ணுக்கு மேலே வரும், பிங்கர் பாம் அடிப்பக்கத்தால் திறந்து தெரியும். ஆகவே உயரம் குறைந்த கதிரையில் இருங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் ஒரு மீற்றர் இடைவெளி, பிள்ளைகள் அரைவட்டமாக. உங்கள் தோள்களின் கோட்டைத் தாண்டி இரு பக்கமும் யாரும் இருக்கக்கூடாது. பின்னால் நிற்கும் பெரியவர்கள் மேலிருந்து பார்ப்பார்கள், அவர்களைத் தொடங்க முன்னரே கதிரைகளில் இருத்திவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் சுவரில் ரியூப் லைற் எரிந்தால் விரல் இடுக்குகளில் வெளிச்சம் ஒழுகும், குத்தி மட்டும் கறுப்பாக அடைத்து நிற்கும். வெளிச்சம் முன்னாலோ தலைக்கு மேலேயோ இருக்கும் சுவரைத் தெரிவு செய்யுங்கள்.

வீடியோவைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஒரே வித்தையை ஒரே முறையில் இரண்டாம் தரம் காட்டாமல் இருந்தால் போதும். "திருப்பிக் காட்டுங்கோ" என்றால் அடுத்த வித்தைக்குப் போய்விடுங்கள். கமெராவைப் பக்கவாட்டில் வைத்திருப்பவரை மட்டும் முன்னால் வந்து எடுக்கச் சொல்லுங்கள், நல்ல படம் வருமென்று சந்தோசமாக வருவார்கள்.

குத்தியில் அடையாளம் வாங்குவதென்றால் மார்க்கர் பேனையால் வாங்குங்கள், பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். காசுத்தாளில் கையெழுத்து வாங்குவது, கிழித்து ஒட்டுவது போன்ற வித்தைகளை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்துச் செய்யாதீர்கள். இலங்கையில் தாளை வேண்டுமென்று சிதைப்பது குற்றம், சிதைத்த தாளுக்கு வங்கியில் பெறுமதியும் கிடைக்காது.

நூல்கண்டு:

தம்ப் ரிப் நிறத்துக்குப் பயப்பிடாதேங்கோ, மினுக்கத்துக்குப் பயப்பிடுங்கோ. ரோஸ் நிறம் அசையிற கையிலை தெரியாது, பளபளப்பு தெரியும். நுண்ணிய மண்தாளாலை மெல்லமா உரசி மங்கவிடுங்கோ. பெயின்ற் பூசினால் ரிப் மடியேக்கை வெடிச்சு உரியும். பெருவிரலின்ர நுனி எப்பவும் பாக்கிறவையின்ர கண்ணுக்கு நேரை நிக்கவேணும், நீளப்பாடாப் பக்கவாட்டிலை ஒருக்காலும் காட்டக்கூடாது. நுனியிலை இருந்து பாத்தால் எந்தப் பெருவிரலும் ஒரு சின்ன வட்டம்தான். கையை விரிச்சுக் காட்டேக்கை நிப்பாட்டி வைச்சிருக்காமல் ஒரு அசைவோடை கீழை கொண்டுபோங்கோ.

உள்ளுக்கு வைக்கிற துணி 9 அங்குலப் பட்டு எண்டால் லேசாப் போகும். 12 அங்குலம் நல்ல மெல்லிசா இருந்தால்தான் அடங்கும். சாதாரண பருத்தி லேஞ்சி அடங்கவே அடங்காது. மூலையிலை தொடங்கித் திணியுங்கோ, கடைசி மூலை மேலை நிக்கட்டும், எடுக்கேக்கை அதைத்தான் பிடிக்கிறது. தலைக்கு மேலை ஃபான் சுத்தினால் நிப்பாட்டச் சொல்லுங்கோ, பட்டு உங்கடை கையை விட்டுப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத நூல் வித்தையள் ஃபான் இருக்கிற வீட்டிலை சரிவரவே வராது.

றப்பர்பாண்டும் ஒண்டு பொக்கற்றிலை வையுங்கோ. இடக்கை சுட்டுவிரல், நடுவிரல் அடியிலை மாட்டி, உள்ளங்கைப் பக்கமா இழுத்து, நாலு விரல் நுனியையும் மடிச்சு அந்த இடைவெளிக்குள்ளை விட்டு, வலக்கையை எடுங்கோ. புறங்கையிலை பாத்தால் இன்னும் ரெண்டு விரலிலைதான் இருக்கு. விரலை விரிச்சால் மோதிரவிரலுக்கும் சின்னவிரலுக்கும் தாவும். சந்தையிலை மரக்கறி கட்டி வாற பழைய பாண்ட் வேண்டாம். இரண்டு மடங்கு இழுத்துப் பாத்து வெடிப்புத் தெரிஞ்சால் எறியுங்கோ, அறுந்து பிள்ளையின்ர முகத்திலை அடிக்கும்.

விரல்நுனி:

மேசை பற்றிக் கேட்டியள். இருந்து காட்டுறதெண்டால் ஒரு நல்ல வழி இருக்கு, அதுக்கு வேட்டியோ சாறமோ கட்டவேணும். முழங்காலைக் கொஞ்சம் அகட்டினால் மடியிலை துணி தொட்டில் மாதிரி நிக்கும். மேசை விளிம்புக்கு ஒரு சாண் உள்ளுக்கு குத்தியை வைச்சு, நாலு விரலாலையும் மூடி உங்கடை பக்கமா இழுத்து விளிம்பாலை எடுக்கிற மாதிரிச் செய்யுங்கோ. குத்தி மடியிலை விழும், வெறுங்கை மூடி மேலை போகும். கழுசானோடை இதைச் செய்தால் தொடை இடுக்காலை நிலத்திலை விழும், சீமெந்து நிலத்திலை குத்தி விழுந்த சத்தம் அடுத்த அறைக்குக் கேக்கும். இழுக்கேக்கை குத்தி மேசையிலை உரசுற சத்தமும் வரும், அதாலை மேசைவிரிப்புப் போடுங்கோ. ஆனா பாயிலை இருக்கிற பிள்ளையளுக்கு மேசைக்குக் கீழாலை மடி தெரியும். இதைப் பெரியாக்கள் சாப்பாட்டு மேசையிலை இருக்கேக்கை வைச்சுக்கொள்ளுங்கோ.

எதை முதல் காட்டுறது எண்டு கேட்டியள். ஸ்பொஞ்சுக்குப் பாதி நேரம் எண்டு பஞ்சுப்பந்து அக்கா சொன்னதோடை நான் ஒத்துப்போறன், ஒரு திருத்தத்தோடை. றப்பர்பாண்ட் முதல், அது அரை நிமிசம், எல்லாற்றை கண்ணும் உங்கடை கைக்கு வரும். பிறகு குத்தி, பேனையோடை. கடைசியா ஸ்பொஞ்ச். தம்ப் ரிப் இந்தமுறை வேண்டாம். இருபது பேருக்கு முன்னாலை அதை எடுக்கிறதும் கழட்டுறதும் தனியாப் பழகவேணும், ஒரு மாதம் காணாது.

பஞ்சுப்பந்து:

ஓம், அந்த ஒழுங்கு சரி. ஒண்டு மட்டும்: குத்தி முடிஞ்ச கையோடை ஸ்பொஞ்சுக்குப் போகேக்கை, மூண்டாவது பந்தை எடுக்கிற நேரம் தேவை. பேனையைத் திருப்பிப் பொக்கற்றிலை வைக்கிறியள் தானே, பந்தை அதே பொக்கற்றிலை வைச்சிருந்தால் பேனையை விட்டிட்டுப் பந்தை பிங்கர் பாமிலை எடுத்துக்கொண்டு கை வரும். அந்த நேரம் இடக்கையாலை மற்ற ரெண்டு பந்தையும் மேசையிலை வையுங்கோ, பாக்கிறவை அதைத்தான் பாப்பினம். இடக்கைப் பக்கத்துப் பொக்கற் எண்டால் பந்து இடக்கையிலை வரும், அப்ப நான் மேலை சொன்ன கையளை அப்பிடியே மாத்திச் செய்யுங்கோ. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தனியா எடுத்துப் பழகுங்கோ.

முடிஞ்சவுடனை பந்து, குத்தி எல்லாத்தையும் எண்ணி எடுத்துப் பெட்டியிலை போடுங்கோ. பாயிலை மூண்டு வயசுக்குக் குறைஞ்சதுகளும் இருக்கும், கையிலை கிடைச்சதை வாயிலை வைக்குங்கள். நெரிஞ்ச ஃபோம் தொண்டையிலை நிமிர்ந்தால் எடுக்கிறது கஷ்டம். "ஒண்டு எனக்குத் தாங்கோ" எண்டு பெரிய பிள்ளையள் கேட்டாலும் அண்டைக்குக் குடுக்காதேங்கோ.